பெற்றோரை வெளியே விடு

புரட்டாசி பிறந்து ஆறாம் நாள், எறையங்காட்டுக்கு மதியம் வரும் நகரப் பேருந்தில், எங்கள் ஊர் முழுக்க மூன்று வருடமாக விதைத்த மக்காச்சோளத்தின் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். நடத்துநர் அவர்களை இறக்கிவிட்டு, "யோவ், உங்க ஊருக்கு ஒறமொறை வந்திருக்கு, வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்று டீக்கடையைப் பார்த்துக் கத்திவிட்டு விசில் ஊதினார். டீக்கடையில் இருந்த பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தோம். அந்த ஆள் ஒல்லியாக, இடுப்பு வரைக்கும்தான் வளர்ந்தவர்போல இருந்தார். தலையை ஒருமுறை ஆட்டினார், மஞ்சள் தூசி பறந்து என் டீயில் விழுந்தது. அந்த அம்மாள் அவரைவிடக் குட்டை. தலைமுடி இளம்பச்சையில் பட்டு நூலாகத் தோளில் கிடந்தது, வெயில் பட்ட நுனி மட்டும் சிவந்திருந்தது. இருவர் கையிலும் ஆளுக்கொரு துணிமூட்டை. அந்த அம்மாள் கையில் கூடுதலாக ஒரு தாள். அது நான் எழுதிய துண்டறிக்கை.

இங்கே என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். என் பெயர் துரைக்கண்ணு. ஊரில் அந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான். மற்றபடி நான் நோட்டீசு. அன்றுவரை நாற்பத்தொரு ஆண்டுகளில் நூற்றுப் பதினாறு துண்டறிக்கை எழுதியிருந்தேன். நான்கு முறை சிறை, ஏழு முறை மண்டபத்தில் அடைப்பு, ஒருமுறை லத்தியில் விரல் முறிவு. கேட்ட கோரிக்கைகளில் நிறைவேறியது ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒன்றில்கூடப் பொய் எழுதியதில்லை, எழுத்துப் பிழை விட்டதில்லை. படிக்கவே படிக்காத ஊருக்கு ஒற்றுப்பிழை பார்த்துப் பார்த்து எழுதியவன் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. வேறு எதுவும் மிஞ்சவில்லை என்பதால் அதை நான் விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை.

அந்த ஆடியில் எழுதிய நூற்றுப் பதினாறாவது அறிக்கை விதையைப் பற்றியது. எங்கள் ஊரில் யாரும் தனித்தனியாக ரகம் பார்த்து விதைப்பதில்லை. ஒருவன் காட்டில் முன்னாடி விளைந்தால் பன்றியும் கிளியும் மொத்தமாக அவன் தலையில் வந்து இறங்கும் என்பதால் ஊருக்கே ஒரு ரகம், ஒரே வாரத்தில் விதைப்பு. அதைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நாள் என்று பெயர். பால் சொசைட்டிக் கட்டடத்தில் தாம்பாளம் வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, நடுவில் விதைப் பாக்கெட்டை வைத்து, சுற்றி உட்கார்ந்து நிஜ மாப்பிள்ளையைக் கேட்பதுபோலவே ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எத்தனை நாளில் விளையும், காற்றடித்தால் சாயுமா நிற்குமா, கதிர் நுனியைத் தோகை மூடுமா, வாய் பிளந்து நின்று மழையில் நனையுமா. எல்லாவற்றுக்கும் உரக்கடை அங்கமுத்து பதில் சொல்வார். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யாரு வூட்டுப் புள்ள?" அதற்கு மட்டும் பாக்கெட்டில் எதுவும் எழுதியிருக்காது. அங்கமுத்து, "கம்பெனி வூட்டுப் புள்ள" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், நிச்சயம் முடிந்துவிடும்.

அப்படி நிச்சயம் செய்த ரகத்துக்குப் பெயர் கிடையாது, எழுபத்தேழு நாற்பது என்ற எண் மட்டும்தான். முதல் இரண்டு வருடம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கதிர் தள்ளியது. மூன்றாம் வருடம் தோகையை உரித்தால் பொக்கை வாய், இங்கே ஒரு மணி, அங்கே ஒரு மணி. கம்பெனி, மண்ணில் கோளாறு என்று கடிதம் போட்டது. நான் பதில் எழுதினேன்: வீரிய ஒட்டு விதைக்குத் தாய் ரகம் ஒன்று, தந்தை ரகம் ஒன்று உண்டு, அவை எவை என்பதைக் கம்பெனி இரகசியமாக வைத்திருக்கிறது, விதைக்கிறவனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. தலைப்பில் பெரிய எழுத்தில், பெற்றோரை வெளியிடு.

அச்சகத்துக்காரர் சவரிமுத்து கண்ணாடி உடைந்து, புதுக் கண்ணாடி வராத வாரம் அது. ஆயிரம் தாளும் அடித்து முடித்த பிறகுதான் பார்த்தேன். பெற்றோரை வெளியே விடு என்று இருந்தது.

"என்னய்யா இது? அவங்கள என்ன ஜெயில்லயா வச்சிருக்கான்?" என்று கத்தினேன்.

"எனக்கு என்ன தோழர் தெரியும், நீங்க எப்பவும் யாரையாவது வெளிய விடச் சொல்லித்தான எழுதுவீங்க" என்றார் சவரிமுத்து.

நாற்பத்தொரு ஆண்டில் முதல் பிழை. மூன்று நாள் தூக்கமில்லை. இருந்தாலும் தாளை வீணாக்க மனமில்லாமல் பெரம்பலூர் முழுக்க ஒட்டினேன், ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தேன், அங்கே சிரித்தார்கள், கம்பெனிக்குத் தபாலில் இரண்டு அனுப்பினேன். அந்த இரண்டில் ஒன்றுதான் இப்போது அந்த அம்மாள் கையில்.

"வெளிய வுட்டுட்டாங்க. எங்க புள்ளைங்கள பாக்கலாமுன்னு வந்தோம்" என்றார் அந்த அம்மாள்.

டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் குடிக்கவில்லை, காலில் ஊற்றிக்கொண்டார்கள், முகம் தெளிந்தது.

ஊர் கூடிவிட்டது. வந்தவர்கள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்த சந்தேகம் வேறு. "இதுங்களா அந்தப் புள்ளைக்கு அப்பன் ஆத்தா? புள்ள எட்டடி நிக்குது, இதுங்க என் இடுப்புக்கு வருதுங்க" என்றார் பால் சொசைட்டித் தலைவர் வரதப்பன். அவருக்கு ஊரில் எது நடந்தாலும் அதை அளந்து பார்க்கும் வழக்கம்.

"நாங்க அப்படித்தான்" என்றார் அந்த ஆள், தூசி பறக்க. "எங்க வகையில ஏழு தலைமுறையா வெளிய சம்பந்தம் பண்ணல. எங்களுக்கு நாங்களே. அதனால இப்படி நோஞ்சானாத்தான் இருப்போம். இந்தம்மா வகையும் அப்படித்தான், ஏழு தலைமுறை."

"அப்ப புள்ள மட்டும் எப்படி?"

"இவங்களுக்கும் எனக்கும் ஒரு சொட்டு சொந்தம் கெடையாதே. அதனாலதான் புள்ளைங்களுக்கு அவ்வளவு தெம்பு" என்றார் அவர், கேட்டவருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அத்தை மகளையும் மாமன் மகளையும் தவிர வேறு எங்கும் பெண் எடுக்காத கூட்டம், ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்து இருமியது. எனக்கு அந்த இருமல் போதும், ஒரு மாதத்துக்குச் சாப்பாடு வேண்டாம்.

அடுத்த பஞ்சாயத்து, இவர்களை எங்கே தங்க வைப்பது என்பது. ஒரே வீட்டிலா, தனித்தனி வீட்டிலா? தாலி உண்டா என்று பெண்கள் விசாரித்தார்கள். இல்லை என்றார் அந்த அம்மாள். பக்கத்தில் நின்று பேசியதுகூட இல்லையாம். அவர் ஒரு வரிசை, இவர் அடுத்த வரிசை, நடுவில் காற்று, அவ்வளவுதானாம். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதற்கு, போன வருடக் கணக்கு மட்டும் நாலைந்து கோடி இருக்கும் என்றார். பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அந்த அம்மாளுக்கு யார் வீட்டில் முதல் சாப்பாடு என்று சண்டை போட்டார்கள். தாலி இல்லாமல் கோடிப் பிள்ளை பெற்றவளுக்கு எறையங்காட்டில் கறிச்சோறு ஆக்கினார்கள். அவர் சாப்பிடவில்லை, வாசலில் ஈர மண்ணில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார், அதுவும் அவர்களுக்குப் பெருமையாக இருந்தது.

அதே எறையங்காட்டில்தான் பூவாயி இருந்தாள்.

பூவாயி, வரதப்பனின் செத்துப்போன தம்பி மனைவி. வரதப்பன் அவளுக்கு மூத்தார். மாமா என்று கூப்பிடுவாள். அவள் மகள் செந்தாமரை கீழத்தெருப் பையன் குமரவேலைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு திருப்பூருக்குப் போனாள். மகளைத் தலைமுழுகு என்று ஊர் சொன்னது, பூவாயி மாட்டேன் என்றாள், ஊர் அவளைத் தள்ளி வைத்தது. அவளோடு பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, அவள் வரப்பை யாரும் மிதிக்கக் கூடாது, அவள் கையால் யாரும் எதுவும் வாங்கக் கூடாது. நான் மட்டும் பேசுவேன், நூற்றுப் பதினான்காவது அறிக்கையும் அதைப் பற்றித்தான் எழுதினேன், அதை அங்கமுத்து கடையில் பொட்டலம் மடித்தார்கள். என்னைத் தள்ளி வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்ததாம். அவன்தான் எப்போதுமே தள்ளி நிற்கிறானே என்று விட்டுவிட்டார்களாம்.

பூவாயிக்கு ஒன்றரை ஏக்கர். உழ டிராக்டர் வராது, விதைக்க ஆள் வராது, இரண்டு வருடமாகத் தரிசு. மூன்றாவது வருடமும் விதை விழவில்லை என்றால் நிலம் மூத்தார் பொறுப்புக்குப் போகும் என்று ஊரில் முடிவு. அந்த மூன்றாவது வருடம் இதுதான். புரட்டாசி முடிவதற்குள் அவள் நிலத்தில் ஏதாவது ஒன்று முளைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவளும் திருப்பூருக்குத்தான் போக வேண்டும்.

மாப்பிள்ளை பார்க்கிற நாளில் இந்த முறை தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்தார்கள். வரதப்பன் தொண்டையைச் செருமி, மூன்று வருடமாகப் பதில் வராத கேள்வியைச் சத்தமாகக் கேட்டார்: "யாரு வூட்டுப் புள்ள?"

அந்த அம்மாள், அங்கமுத்து கொண்டுவந்திருந்த அதே எழுபத்தேழு நாற்பது பாக்கெட்டைப் பிரித்தார். ரோஜா நிற மருந்து பூசிய விதையை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, மடியில் பத்துப் பன்னிரண்டு போட்டுக்கொண்டு மீதியைத் தாம்பாளத்தில் தள்ளினார். "இதெல்லாம் எங்க புள்ளைங்க இல்ல. பேரப் புள்ளைங்களுக்குச் சாயம் பூசி அனுப்பியிருக்காங்க. பேரனுங்களுக்குத் தெம்பு இருக்காது, ஒண்ணு நெட்டையா போவும், ஒண்ணு குட்டையா போவும், கதிரு பொக்கையாத்தான் வரும்."

எல்லோரும் அங்கமுத்துவைப் பார்த்தோம். "எனக்கு மூட்டையிலதாங்க வருது, நான் என்ன முகந்தா பாக்குறேன்" என்றார் அவர், உண்மையில் அழுதுவிடும் நிலையில்.

"அப்ப இந்த வருஷம்?" என்றார் வரதப்பன்.

"இந்த வருஷம் வேற எதுனா வெதைங்க. உளுந்து போடுங்க, பருத்தி போடுங்க. எங்களுக்கு ஒரு எடம் குடுங்க, நாங்க ரெண்டு பேரும் நின்னு அடுத்த வருஷத்துக்கு ஊருக்கே புள்ள பெத்துத் தர்றோம்" என்றார் அப்பா. "கூப்பிடு தூரத்துல வேற மக்காச்சோளம் இருக்கக் கூடாது, இருந்தா காத்து யாருதுன்னு பாக்காது. போன தடவ விழுந்தது முளச்சுக்கூட நிக்கக் கூடாது. அதுக்கு ரெண்டு வருஷமாவது கலப்பை படாத மண்ணு வேணும்."

இப்படியாக ஊருக்கே சொந்த விதை என்ற பேச்சு வந்தது. கூட்டத்தில் என் காதில் விழுந்த மூச்சு இன்னும் நினைவிருக்கிறது. நான் எழுந்து ஒரு உரை நிகழ்த்தினேன், இருபது நிமிடம், முடித்துவிட்டுப் பார்த்தால் கட்டடத்தில் தாம்பாளம் மட்டும் இருந்தது, எல்லோரும் தத்தம் நிலத்தைக் காட்ட அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

வரதப்பனின் கிணற்றுக் கொல்லையைப் பார்த்தார்கள், சுற்றிலும் போன வருடத்து மக்காச்சோளத் தட்டை. ஏரிக்கரைப் பக்கம் பார்த்தார்கள், அங்கேயும் தட்டை. கிழக்கே, மேற்கே, சுடுகாட்டு மேடு வரைக்கும் பார்த்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் அந்த அம்மாள் மூக்கைச் சுளித்து, "இங்க காத்துல ஆளு நடமாட்டம் சாஸ்தி" என்றார். கடைசியில் தெற்கே, யாரும் காட்டாத பக்கம், அவரே நடந்தார். எல்லோரும் ஒரு இடத்தில் நின்றுவிட்டார்கள், அவர்கள் இருவர் மட்டும் போனார்கள், பின்னால் நான்.

பூவாயி நிலம். வரப்பை மிதிக்கக் கூடாது என்பதால் ஒட்டியிருந்த ஏழு பேரும் கலப்பையைத் திருப்ப முடியாமல் தங்கள் நிலத்தையும் இரண்டு வருடமாகத் தரிசு போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்குப் புல்லும் ஆவாரையும்தான்.

அந்த அம்மாள் நடுவில் போய் நின்று, செருப்பில்லாத காலை மண்ணில் அழுத்தி, சுற்றிலும் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற ஊரைப் பார்த்துக் கையைக் குவித்துச் சத்தமாகக் கேட்டார்.

"இவ்வளவு நல்லாத் தள்ளி வச்ச எடம் நான் எங்கயுமே பாத்ததில்ல. யாருங்க வச்சது? ரொம்ப நல்ல மனசுக்காரங்க!"

ஊர் மொத்தமும் வரதப்பனைத் திரும்பிப் பார்த்தது.

பூவாயி குடிசையிலிருந்து வந்தாள். வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, இவங்க யாரு?" என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். "ஓ" என்றாள். "ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்களா?"

"ஆமாம்மா" என்றார் அப்பா.

"அப்ப நல்லா இருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் பூவாயி.

ஊருக்கு இது பெரிய சங்கடம். விதை வேண்டும், ஊர்க்கட்டும் கெடக் கூடாது. வரதப்பன் இரண்டு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தார். உழவுக்குப் பக்கத்து ஊர் டிராக்டர், பக்கத்து ஊர் ஓட்டுநர். அவனுக்கு எங்கள் ஊர்க்கட்டு செல்லாது. விதைப்பு பூவாயியே. மேற்பார்வை நான்; நான் கணக்கிலேயே இல்லை. இருவரும் தங்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். அம்மா மூட்டையில் நாலு வரிசை, அப்பா மூட்டையில் ஒரு வரிசை, மறுபடியும் நாலு, மறுபடியும் ஒன்று. அம்மா மூட்டையில் ஒரு கைப்பிடி மீந்தது. அதைப் பூவாயி தன் குடிசைக்குப் பின்னால், நிலத்துக்கு ரொம்பத் தள்ளி, தனியாக ஊன்றினாள். புரட்டாசி முடிய நான்கு நாள் இருக்கையில் முளை வந்தது. நான் அந்தத் தேதியைக் குறித்து வைத்தேன், நிலம் தப்பியது.

வரிசை வளர வளர அந்த இருவரும் ஆளுக்கொரு வரிசைத் தலைமாட்டில் நின்றார்கள். காலையில் பூவாயி தண்ணீர் ஊற்றுவாள், சாயங்காலம் கதை பேசுவாள். அவர்களுக்கு ஊர்க்கதை எதுவும் புரியவில்லை, ஏன் தள்ளி வைத்தார்கள் என்பதை அவள் நாலு முறை விளக்கியும் அம்மாள், "வேற வேற ஆளுன்னா நல்லதுதான, அதுக்கு எதுக்குத் தண்டன?" என்றே கேட்டாராம். பூவாயி அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

முப்பதாம் நாள் கம்பெனி ஜீப் வந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் இறங்கி, எங்கள் நிறுவனத்தின் பெற்றோர் இருவர் தவறுதலாக வெளியே விடப்பட்டுவிட்டார்கள், அவர்கள் நிறுவனத்தின் சொத்து, எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு ஆங்கிலத் தாளைக் காட்டினார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு உரை நிகழ்த்தத் தயாரானேன். அதற்குள் வரதப்பன் முந்திக்கொண்டார்.

"அந்தா, அந்த நெலத்துல நிக்கிறாங்க. ஆனா போவ முடியாது."

"ஏன்?"

"அது தள்ளி வச்ச நெலம். யாரும் வரப்ப மிதிக்கக் கூடாது. ஊர்க்கட்டு."

"நான் உங்க ஊர் இல்லையே சார்."

"நீங்க எங்க ஊரு மண்ணுல நிக்கிறீங்க இல்ல? ஊர்க்கட்டுன்னா ஊர்க்கட்டுதான் தம்பி, ஜீப்புக்கும் சேத்துத்தான்" என்றார் வரதப்பன். பின்னால் ஊர் ஆண்கள் அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். டிராக்டர் ஓட்டுநர் பக்கத்து ஊர் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. ஜீப் திரும்பிப் போனது. நாற்பத்தொரு ஆண்டாக நான் எதிர்த்த ஒன்று, என் கண் முன்னால், என் கோரிக்கையைக் காப்பாற்றியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐம்பதாம் நாள் வாக்கில் பூ வெளியே வரத் தொடங்கியது. இதில்தான் வேலை. அம்மா வரிசையில் தலையில் வரும் ஆண் பூவைத் தூசி விடுவதற்கு முன் பறித்துவிட வேண்டும். ஒன்று தப்பினால் அது தனக்குத் தானே விழுந்து மறுபடி நோஞ்சான் பிள்ளை. ஒன்றரை ஏக்கர், பத்துப் பன்னிரண்டு நாள், விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை ஒவ்வொரு செடியையும் தொட்டாக வேண்டும். பூவாயிக்கு இரண்டு கை. எனக்கு ஒன்றேமுக்கால், ஒரு விரல் லத்தி தின்றது. ஊர் தூரத்தில் நின்று பார்த்தது. உள்ளே வர முடியாது, அவர்கள் போட்ட கட்டு.

இரண்டாம் நாள் காலைப் பேருந்தில் செந்தாமரையும் குமரவேலும் வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, தள்ளி வைக்கப்பட்டவர்கள் தள்ளி வைக்கப்பட்ட இடத்துக்குப் போவதைத் தடுக்க ஊர்க்கட்டில் இடமில்லை. வரதப்பன் இரவெல்லாம் யோசித்தும் கிடைக்கவில்லையாம். பனியன் கம்பெனியில் கை பழகிய குமரவேல் வரிசைக்குள் புகுந்தான் என்றால் இரண்டு பக்கமும் கை போகும், ஒரு பூ தப்பாது. செந்தாமரை அப்பா வரிசையைத் தட்டிக் கொடுத்தபடி போனாள். தூசி எழுந்து, காற்றில் மிதந்து, அம்மா வரிசையின் பட்டு நூல்களில் இறங்கியது. தலைமாட்டில் நின்ற அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"நல்லாப் பறிக்கிறாரு உன் மருமவன். யாரு வூட்டுப் புள்ள?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"என் வூட்டுப் புள்ள" என்றாள் பூவாயி.

தையில் கதிர் முற்றியது. முதல் தோகையை அந்த அம்மாளே உரித்தார். வரிசை தப்பாமல், நுனி வரைக்கும், பல் முளைத்த குழந்தை சிரித்த மாதிரி மணிகள். அவர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு எங்களிடம் நீட்டினார். "இவ்வளவு வருஷம் பெத்தேன். இப்பத்தான் முகம் பாக்குறேன்" என்றார். அவர்கள் இருவரும் அதற்குள் காய்ந்து வைக்கோல் நிறமாகியிருந்தார்கள். அப்பா வரிசையில் விளைந்ததை ஒரு மூட்டையாகவும், குடிசைக்குப் பின்னால் தனியாக விளைந்த அம்மா வகையை ஒரு மூட்டையாகவும் கட்டி, அடுத்தடுத்த வருடம் இதேபோல் வரிசை போட வைத்துக்கொள் என்று பூவாயியிடம் கொடுத்துவிட்டு, மதியப் பேருந்தில் ஏறினார்கள். அடுத்த ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்களாம், பார்க்க வேண்டுமாம். நான்தான் ஏற்றிவிட்டேன். பேருந்து கிளம்பும் முன் அந்த அம்மாள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வெதையப் பூச்சி அண்டாம வைங்க." இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் வருவது இதைப் பொறுத்தது.

அடுத்த புரட்டாசி. மாப்பிள்ளை பார்க்கிற நாள். சொசைட்டிக் கட்டடத்தில் தாம்பாளம் இருந்தது, வெற்றிலை இருந்தது, நடுவில் எதுவும் இல்லை. விதை வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பூவாயி முன்னால் ஏழு மூட்டையாக இருந்தது. அவளுக்கு ஒரு பக்கம் செந்தாமரை, மறுபக்கம் குமரவேல், கையில் அளக்கிற படி. ஊர் இந்தப் பக்கம் நின்றது.

வரதப்பன் தொண்டையைச் செருமினார். பூவாயியை நேராகப் பார்த்துப் பேசக் கூடாது என்பதால் என்னிடம் பேசினார். "நோட்டீசு, மூட்டைய அப்படியே ரோட்டுல வச்சிட்டு அவங்கள வூட்டுக்குப் போவச் சொல்லு. நாங்க வந்து எடுத்துக்கறோம். கையில வாங்கக் கூடாது, உனக்குத் தெரியும்."

"அண்ணே" என்றாள் பூவாயி, அவளும் என்னிடமே. "மாமாகிட்ட சொல்லுங்க. இது கையில குடுத்து கையில வாங்குனாத்தான் முளைக்கும். கீழ வச்சு எடுத்தா முளைக்காது. அந்த அம்மா போறப்ப சொல்லிட்டுத்தான் போச்சு. அதுவும் பூ பறிச்ச கையாலதான் குடுக்கணுமாம்."

குமரவேல் மாமியாரைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே அது புதிது.

ஊர் என்னைப் பார்த்தது. வரதப்பன் ரோட்டின் நடுவரைக்கும் வந்துவிட்டார். "யோவ் துரைக்கண்ணு" என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் முப்பது வருடமாகக் கேட்டதில்லை. "நீதான் பஸ் ஏத்திவுட்ட. உன்ன எனக்குப் புடிக்காது, ஆனா நீ பொய் பேச மாட்ட. அந்த அம்மா அப்படிச் சொன்னாங்களா?"

வானத்தில் மேகம் இருந்தது. விதைப்புக்கு அந்த வாரத்தை விட்டால் வேறு வாரம் இல்லை. நூற்றுப் பதினாறு அறிக்கை, ஒன்றில்கூடப் பொய் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை என்பது என் நினைவுக்கு வந்தது. பிழையாக அடித்த ஒன்றுதான் நடந்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

"சொன்னாங்க" என்றேன். "ரெண்டு தடவ சொன்னாங்க."

முதலில் உரக்கடை அங்கமுத்து, போன வருடம் அழப் பார்த்த மனிதர், ரோட்டைத் தாண்டிப் போய்க் கையை நீட்டினார். குமரவேல் படியை நிறைத்து, தலை தட்டி, அந்தக் கையில் கொட்டினான். அவர் விதையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், "நல்லா இருக்கு தம்பி" என்றார். அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் கறிச்சோறு ஆக்கிய பெண்கள், வரிசையாக, முந்தானையை ஏந்திக்கொண்டு, செந்தாமரையிடம் எத்தனை மாதம் என்று கேட்டுக்கொண்டே. ஐந்து என்றாள் அவள்.

வரதப்பன் கடைசி. துண்டைத் தோளிலிருந்து எடுத்து, உதறி, மறுபடி தோளில் போட்டு, மறுபடி எடுத்தார்.

"என்ன மாமா, யாரு வூட்டுப் புள்ளன்னு கேக்கலையா?" என்றாள் பூவாயி. மூன்று வருடத்தில் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"தெரிஞ்சதுதான" என்றார் வரதப்பன், யாரையும் பார்க்காமல், துண்டை விரித்துக் குமரவேல் முன்னால் பிடித்தார்.

அந்த வருடம் ஊர் முழுக்க முளைத்தது. கையில் வாங்கியதால்தான் முளைத்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலும் பரவிவிட்டது, விதையைத் தரையில் வைத்து யாரும் கொடுப்பதில்லை. விவசாயக் கல்லூரியிலிருந்து வந்த ஒருவர் இதற்கு அறிவியல் காரணம் ஒன்றும் கண்டுபிடித்துவிட்டார், கையின் சூடு என்கிறார். நான் மறுக்கவில்லை.

விதைத்த மறுவாரம் நூற்றுப் பதினேழாவது அறிக்கையை எடுத்துக்கொண்டு சவரிமுத்துவிடம் போனேன். எறையங்காட்டு விதை முறை என்று தலைப்பு. வரிசைக் கணக்கு, பூ பறிக்கும் நாள், கடைசி வரியாக, விதையைக் கையில் கொடுத்துக் கையில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் முளைக்காது. சவரிமுத்து புதுக் கண்ணாடி போட்டிருந்தார். சரிபார்க்க ஒரு அச்சுப்படி எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நல்லாப் பாத்துக்கங்க தோழர், அப்புறம் போன தடவ மாதிரி கத்தக் கூடாது. தப்பு எதுனா இருக்கா?"

"ஒண்ணு இருக்கு" என்றேன். "கடைசி வரியில. அத மட்டும் தொடாத."